ஒன்பது பத்துக்குள் திறக்காத கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் மெதுவாகத் திறந்ததற்கு யாராவது மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுப்பார்களா? நான் கொடுத்தேன். “வேலைக்குத் தொடர்ந்து தாமதமாக வந்ததற்கு வருந்துகிறேன். இனி இவ்வாறு நடக்காது” என்று என் கையாலேயே எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். ஒரு நாள்கூடத் தாமதமாக வராதவள் நான்.

நான் வேலை பார்ப்பது ஒரு கோழித்தீவன ஆலையில். ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற ரோட்டில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் அரைத்துக் கலந்து மூட்டை பிடித்துச் சுற்றுவட்டாரக் கோழிப்பண்ணைகளுக்கு லாரியில் அனுப்புகிறோம். எந்தப் பண்ணைக்கு எந்தத் தீவனம், எந்த வண்டியில் போகிறது என்று கம்ப்யூட்டரில் ஏற்றி, சீட்டு அடித்து டிரைவர் கையில் கொடுப்பது என் வேலை. ஆலைக்குள் எத்தனையோ பேர் இருந்தாலும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்காருகிறவள் நான் ஒருத்திதான். மேனேஜர் ஒருவர் உண்டு. முதலாளிக்கு மச்சான் முறை. பத்து மணிக்கு வருவார், செல்போனிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்வார். முதலாளி ஒன்பதேகாலுக்கு மேல் கார் நிற்கிற பக்கவாசல் வழியாகத் தம் அறைக்குள் போய்விடுவார். கூப்பிட்டால் ஒழிய அந்த அறைக்குள் நான் கால் வைப்பதில்லை.

போன ஆயுத பூஜைக்கு ஆலையில் புது ஏற்பாடு ஒன்று வந்தது. அதுவரை நான் நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். இனி நோட்டு வேண்டாம், காலையில் கம்ப்யூட்டரில் பெயரும் பாஸ்வேர்டும் அடித்து உள்ளே நுழைகிற நேரமே வந்த நேரமாகப் பதிவாகிவிடும் என்றார்கள். ஒன்பது பத்துக்குள் திரை திறந்தால் நேரத்துக்கு வந்தாய். ஒன்பது பதினொன்று என்றால் லேட். மூட்டை தூக்குகிறவர்களுக்கும் மிஷின் ஓட்டுகிறவர்களுக்கும் வாசலில் வாட்ச்மேனிடம் இருக்கும் பழைய நோட்டே தொடர்ந்தது. ஆக அந்தப் புது ஏற்பாடு மொத்தமும் என் ஒருத்திக்காக வந்தது. அப்போது எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

எங்கள் வீடு நாமகிரிப்பேட்டையில். வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வண்டியில் வேலை. வடக்கே போனால் திரும்பி வர மூன்று மாதம் ஆகும். மகள் ராசிபுரத்தில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளி வேன் எங்கள் தெருப் பக்கம் வராது. அதனால் இருவரும் ஏழு ஐம்பது பஸ்ஸில் ஏறுவோம். பள்ளி கேட்டை எட்டரைக்குத் திறப்பார்கள். நாங்கள் போய்ச் சேரவும் கேட் திறக்கவும் சரியாக இருக்கும். அவள் உள்ளே போனதைப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ் பிடித்து ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் என் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். ஐந்து வருஷமாக இப்படித்தான். ஒரு பிசகும் இல்லை.

புது ஏற்பாடு வந்தபின் அந்தக் கம்ப்யூட்டர் செய்த அழும்பு கொஞ்சமா? பட்டனைத் தட்டினால் விளக்கு எரியும். பெயரைக் கேட்கும், பாஸ்வேர்டைக் கேட்கும். அதுவரை மளமளவென்று நடக்கும். அப்புறம் நீலத்திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். பொறு என்று இங்கிலீஷில் ஒரு வரி. அவ்வளவுதான். ஒன்பது ஐந்து ஆகும், ஒன்பது பத்து ஆகும், வட்டம் சுற்றும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் சுற்றும். ஒன்பதரை வாக்கில் என்ன நினைத்துக்கொள்ளுமோ, சட்டென்று திறந்துகொள்ளும். திறந்தவுடன் மூலையில் சிவப்பு எழுத்தில் என் பெயர் வரும், பக்கத்தில் லேட் என்று வரும். சில நாள் பத்தரை தாண்டியும் திறக்காது. அதற்குள் வாசலில் டிரைவர்கள் நிற்பார்கள்.

“ஏனுங்க, கோழி பட்டினி கெடக்குதுங்க. சீட்டக் குடுத்தா நாங்க பாட்டுக்குப் போயிருவமுங்க.”

நானா வைத்துக்கொண்டு இல்லை என்கிறேன்?

மாதக் கடைசியில் மேனேஜர் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு தாளை அடித்து எடுத்தார். வேலை நாள் அத்தனையிலும் நான் லேட். ஒரு நாள் பாக்கி இல்லை. தாளை என் மேஜையில் போட்டுவிட்டு நின்றார்.

“என்னங்க மேடம் இது?”

“கம்ப்யூட்டர் லேட்டாத் தொறக்குதுங்க சார். நான் ஒம்போதுக்கு முன்னாடியே வந்தர்றேன். வாட்ச்மேன் அண்ணாவக் கேட்டுப் பாருங்க.”

வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கேட்கவும் செய்தார். அறுபது வயதுக்காரர், பொய் சொல்லத் தெரியாதவர். “அம்மணி டயத்துக்கு வந்துருதுங்க” என்றார்.

“நீ சொல்றத நம்பறதா, மிஷின் சொல்றத நம்பறதா?” என்றார் மேனேஜர். வாட்ச்மேன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். பத்து மணிக்கு வருகிற மனுஷன், ஒன்பது மணிக்கு வருகிறவளைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறார். அவர் பெயர் அந்த மிஷினில் கிடையாது. மச்சானுக்கு ஏது லேட்? அன்றைக்குத்தான் அந்தக் கடிதம் எழுதி வாங்கினார். அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்றும் சொன்னார். வாயைத் திறந்தால் வேலை போய்விடுமோ என்று பயந்து கையெழுத்துப் போட்டேன். அந்தப் பயத்தின் மேல்தான் எனக்கு இன்னும் கோபம்.

கம்ப்யூட்டர் மெதுவாக இருந்தால் முன்னாலேயே வந்து போட்டு வைத்தால் ஆயிற்று என்று கணக்குப் போட்டேன். மறுநாளிலிருந்து ஆறு ஐம்பத்தைந்து பஸ். ஏழரைக்குப் பள்ளி வாசல். கேட் பூட்டியிருக்கும். உள்ளே ஒரு காவலாளி இருந்தார். கெஞ்சிப் பார்த்தேன். “முன்னாடி தொறந்தா எனக்குத் திட்டு உளுகுமுங்க” என்றுவிட்டார். எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை, அதுவும் எட்டரைக்குத்தான் திறக்கும். எட்டு வயதுப் பிள்ளையை அந்தப் பூட்டிய கேட்டுக்கு முன்னால் நிறுத்தி, பையைக் கீழே வைக்காதே, யார் கூப்பிட்டாலும் போகாதே, ரோட்டுப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டு ஓடுவேன். பஸ்ஸிலிருந்து திரும்பிப் பார்த்தால் நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாக ஒரு பொட்டுப் போலத் தெரிவாள். ஒரு மணி நேரம் அவள் அங்கே தனியாக நிற்க வேண்டும். மூன்று மாதம் நிறுத்தினேன்.

எட்டு மணிக்கே ஆபீஸ் வந்து கம்ப்யூட்டரைப் போடுவேன். வட்டம் சுற்றும். எட்டரை, எட்டேமுக்கால், ஒன்பது. ஒன்பது பத்து. ஒன்பதரைக்குத் திறக்கும். லேட்.

ஒரு மணி நேரம் முன்னால் வந்தால் ஒரு மணி நேரம் முன்னால் திறக்க வேண்டாமா? இது எந்த ஊர் நியாயம்? அந்தக் கேள்வியை அன்றைக்கே பிடித்துக்கொண்டு போயிருந்தால் என் பிள்ளை இரண்டு நாளோடு தப்பித்திருப்பாள். எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. இன்னும் சீக்கிரம் வருகிற பஸ் ஏதாவது உண்டா என்று விசாரித்தேன். வேறு ஆள் அமையாததால் மேனேஜரும் மாதாமாதம் மிரட்டுவதோடு நின்றார்.

கம்ப்யூட்டர் பார்க்க வருகிறவன் சேலத்துப் பையன். சிஸ்டம்காரன் என்போம். புது ஏற்பாட்டைச் செய்து கொடுத்தது அவன்தான். காலையில் போன் செய்தால் எடுக்கமாட்டான். எடுத்தால் ஒரே பாட்டு. “ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க மேடம்.” பண்ணினேன். அணைத்துப் போட்டால் வட்டம் முதலிலிருந்து சுற்றியது.

நேரில் வந்தான், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். ஒரே நிமிஷத்தில் திறந்துகொண்டது. “பாருங்க மேடம், நல்லாத்தான இருக்குது?” என்றான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது. காலையில் வந்து பார் தம்பி என்றேன். காலையில் அவனுக்கு வாழப்பாடிப் பக்கம் வேலையாம். இருந்தாலும் வந்ததற்குப் பெட்டியைத் திறந்து ஊதினான். மக்காச்சோள மாவு உள்ளே அப்பிக் கிடந்தது. ஒரு பெட்டைக்கோழிக்கு ஒரு வேளைக்குக் காணும். எல்லாம் தூசி வேலைதான் மேடம், இனிப் பறக்கும் என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் ஒன்பதரை.

இரண்டாவது முறையும் மத்தியானம்தான். உள்ளே இரண்டு வைரஸ் தடுப்புப் புரோகிராம்கள் இருக்கின்றன, ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கின்றன என்று கண்டுபிடித்து ஒன்றை எடுத்தான். இரண்டையும் போட்டது அவனே. யாருங்க மேடம் இதைப் போட்டது என்று என்னையே கேட்டான். காலையில் தானாகக் கிளம்பி ஓடுகிற புரோகிராம்கள் ஏழெட்டு இருந்தன. அவற்றை நான் அதற்கு முன்பே நிறுத்தி வைத்திருந்தேன். பஸ்ஸில் போகும்போது செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. நானும் ராசிபுரத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவள்தான். “நீங்களா ஏதும் நோண்டாதீங்க மேடம்” என்றான். தினமும் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று குறித்து வைக்கச் சொன்னான். மேஜைக்கு மேலே தினசரி கேலண்டர் தொங்கும். கிழிக்கிற தாளிலேயே, தேதிக்குப் பக்கத்தில் பேனாவால் நேரத்தை எழுதி, கிளிப் போட்டுச் சேர்த்து வைத்தேன்.

மூன்றாம் முறை வந்தபோது அந்தத் தாள்களை நீட்டினேன். அவன் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. மெமரி பத்தவில்லை என்று ஒரு துண்டை மாட்டினான். பிறகு திரையைப் பார்த்தான். திரையில் என் மகளின் படம் இருந்தது. பள்ளி ஆண்டு விழாவில் மயில் வேஷம் போட்டு நின்ற படம்.

“இந்த மாதிரி போட்டோவெல்லாம் வெச்சா லோடு எடுக்கும் மேடம்” என்றான்.

பின்னால் நின்ற மேனேஜருக்கு அது போதும். “ஆபீஸ் மிஷின ஊட்டு மிஷின் மாதிரி வெச்சிருந்தா அப்புறம் எப்படிங்க தொறக்கும்? எடுங்க அத” என்றார். அவர் கண்முன்னால் என் பிள்ளையின் படத்தை எடுத்தேன். ஒரு போட்டோவுக்காகவா ஒரு மிஷின் ஒன்றரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்? எனக்கே தெரியும் அது அபத்தம் என்று. அவனுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் குற்றம் சொல்ல யாராவது வேண்டுமே. கடைசியில் அது எட்டு வயதுப் பிள்ளை தலையில் விடிந்தது. அவள் என்னடாவென்றால் இந்த மிஷினுக்காகத் தினமும் தெருவில் நின்றுகொண்டிருக்கிறாள். மறுநாள், படம் இல்லாத வெறும் நீலத்திரையில், வட்டம் ஒன்பதரை வரை சுற்றியது.

அதற்கடுத்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள், “அம்மா, நாளைலருந்து காலைல எனக்குத் தண்ணி வேண்டாம்” என்றாள்.

“ஏன் சாமி?”

“கேட்டு தொறக்கற வரைக்கும் அடக்க முடியலம்மா.”

“என்னாச்சு கண்ணு?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “நேத்து பாவாடைலயே போயிருச்சு. மிஸ்ஸுகிட்டத் தண்ணி பாட்டில் ஊத்திக்கிச்சுன்னு சொல்லிட்டேன்.”

“அம்மாகிட்ட ஏன் சாமி சொல்லல?”

“சொன்னா நீ சீக்கிரம் போகமாட்ட. உனக்கு லேட்டாயிருமில்ல.”

முந்தின நாள் சாயங்காலம் அவளே யூனிஃபார்மை வாளியில் நனைத்து வைத்திருந்தாள். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் நான் பெருமை பேசியிருந்தேன். ஈரப் பாவாடையோடு சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என் பிள்ளை. யாரிடமும் சொல்லாமல். ஐயோ, நானெல்லாம் ஒரு அம்மாவா என்று அந்தப் பஸ்ஸிலேயே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அன்றைக்கு நான் ஆபீசுக்கு ஓடவில்லை. வேலை போனால் போகிறது என்று கேட் திறக்கும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள், நீ போம்மா, நீ போம்மா என்று. கேட் திறந்ததும் நேரே கழிவறைக்கு ஓடினாள். நான் பழைய பஸ்ஸைப் பிடித்து ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் போய்ச் சேர்ந்தேன். பட்டனைத் தட்டினேன். வட்டம் சுற்றியது. அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மிஷினுக்காக என் பிள்ளை மொத்தம் எத்தனை மணி நேரம் தெருவில் நின்றாள் என்று கூட்டிப் பார்த்து, அந்த மேனேஜர் மூஞ்சியில் எறிந்துவிட்டு வேலையை விட்டுப் போய்விடுவது என்று முடிவு செய்தேன். கிளிப்பை எடுத்துவிட்டுக் கேலண்டர் தாள்களை மேஜையில் பரப்பினேன்.

ஒன்பது முப்பத்திரண்டு. ஒன்பது இருபத்தெட்டு. பத்து முப்பத்தாறு. ஒன்பது முப்பது. வெள்ளிக்கிழமைத் தாள்களில் ஒன்பது ஐம்பது வாக்கில். பத்தரை தாண்டியவற்றை மட்டும் தனியே எடுத்து வைத்தேன். சனி, பத்து முப்பத்தைந்து. செவ்வாய், பத்து முப்பத்தேழு. சனி, செவ்வாய், சனி, செவ்வாய். வேறு கிழமையே இல்லை. மிஷினுக்கு ஏதுடா கிழமை என்று ஒரு சனிக்கிழமைத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நான் பேனாவால் எழுதியதற்குக் கீழே, தினமும் கிழித்தும் ஒரு நாளும் படிக்காத பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. இராகு காலம் ஒன்பது முதல் பத்தரை. செவ்வாய்க்கிழமைத் தாளை எடுத்தேன். எமகண்டம் ஒன்பது முதல் பத்தரை.

எங்கள் ஆலையில் ராகு காலத்திலும் எமகண்டத்திலும் முதல் லோடு கிளம்பாது. அது பண்ணைக்காரர்களுக்கும் தெரியும், டிரைவர்களுக்கும் தெரியும். முதலாளி விஷயத்தில் அது சட்டம். ஆனால் கம்ப்யூட்டருக்கும் அது உண்டு என்று யார் கண்டார்கள்?

வாசலுக்குப் போனேன். வாட்ச்மேன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்கண்ணா, மொதலாளி வந்ததும் மொதல்ல என்னங்க பண்ணுவாரு?”

“சாமி கும்புடுவாருங்க அம்மணி. பத்தி காட்டிப்போட்டுப் பொட்டி பட்டன அமுத்துவாருங்க. வெள்ளிக்கெழமைன்னாப் பூசை கொஞ்சம் நீளுமுங்க.”

“எந்தப் பொட்டிங்க?”

“அதானுங்க, ஆயுத பூஜைக்கு அந்தச் சேலத்துப் பையன் ரூமுக்குள்ள வெச்சுட்டுப் போனானே, கருப்புப் பொட்டி. மொதக் கை மொதலாளி கையாத்தான் இருக்கோணும். நேரங்கெட்ட நேரம்னா அது முடிஞ்சாத்தான் தொடுவாரு. கூட்டும்போதுகூட நாங் கிட்டப் போறதில்லீங்க.”

“ராத்திரிக்கு அத அணைச்சர்றாருங்களா?”

“பின்ன? மூட்டையும் சாக்குமாக் கெடக்குது, தீப்புடிச்சிருச்சுன்னா? எல்லாத்தயும் அணைச்சுப்போட்டுத்தான் பூட்டுவாருங்க.”

அங்கேயே நின்று சிஸ்டம்காரனுக்குப் போன் போட்டேன். அதிசயமாக எடுத்தான். முதலாளி அறையில் இருப்பது என்ன என்று கேட்டேன்.

“அது சர்வருங்க மேடம். உங்க கம்ப்யூட்டர் காலைல அதத் தேடிப் புடிச்சாத்தான் தொறக்கும். நாந்தான் அப்படி எழுதி வெச்சேன்.”

“அது ஓடலைன்னா?”

“ஓடற வரைக்கும் தேடிக்கிட்டே இருக்கும். ஆனா அது ராத்திரி பகலா ஓடுமே மேடம்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “ஏங்க, யாராவது ஆஃப் பண்றாங்களா?” என்றான்.

மூன்று முறை வந்தாய், தூசி ஊதினாய், மெமரி மாட்டினாய், என் பிள்ளையின் போட்டோவை எடுக்க வைத்தாய், அந்த ஒரு கேள்வியைக் கேட்க உனக்கு நான்கு மாதம் ஆயிற்றா என்று கேட்டேன். மத்தியானம் நான் வரும்போது எல்லாமே ஓடிக்கொண்டுதானே இருந்தது மேடம் என்றான். போனை வைத்துவிட்டேன். மேனேஜரின் அலமாரியில் பச்சை விளக்கு மினுங்குகிற சின்னப் பெட்டியைத்தான் சர்வர் என்று நான் நினைத்திருந்தேன். எனக்கும் யாரும் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

பத்து முப்பத்தாறுக்கு என் திரை திறந்தது. சிவப்பில் லேட் என்று வந்தது. கூப்பிடாமலேயே, முதல் தடவையாக, முதலாளி அறைக்குள் போனேன். பத்தி வாசனை இன்னும் இருந்தது. கறுப்புப் பெட்டி ஒன்று மூலையில், நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக உறுமிக்கொண்டிருந்தது. மேனேஜரும் அங்கேதான் இருந்தார். தாள்களை முதலாளி மேஜையில் கிழமைவாரியாக அடுக்கி வைத்தேன். எதுவும் விடாமல் சொன்னேன்.

முதலாளி கெட்டவர் இல்லை. தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “இது எங்கப்பாரு காலத்துலருந்து வர்ற பழக்கம் அம்மணி. அன்னன்னிக்கு மொதக் கை நம்ம கையா இருக்கோணும்னு” என்றார். பிறகு, “நீ இத முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?” என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பயமும் போய்விட்டது.

“சொன்னனுங்க. நாலு மாசமாச் சொன்னனுங்க. வாட்ச்மேன் அண்ணாவும் சொன்னாருங்க. மிஷின் சொல்றதத்தான் நம்புவம்னீங்க. உங்க பழக்கத்த நான் ஒன்னும் சொல்லலீங்க. நீங்க நல்ல நேரம் பாத்தீங்க. அதுக்காகத் தெனமும் எம்புள்ள பூட்டுன கேட்டு முன்னாடி தனியா நின்னாளுங்க. நேத்து பாவாடைல ஒன்னுக்குப் போயி, ஈரத்தோட பொழுதுக்கும் பள்ளிக்கூடத்துல உக்காந்திருக்கறாளுங்க. அவ என்னங்க தப்புப் பண்ணுனா?”

மேனேஜர் தொண்டையைச் செருமினார். “இருந்தாலும் கம்ப்யூட்டர்ல ஏறுனத மாத்த முடியாதுங்களே” என்றார். அப்போதும் அவருக்கு அதுதான் கவலை. முதலாளி அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். என் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். முதலாளியே எழுந்து ஃபைலிலிருந்து அதை எடுத்து என் கையில் கொடுத்தார். இனி அந்தப் பெட்டியை ராத்திரியில் அணைப்பதில்லை என்றார். காலையில் அதைத் தொட்டுக் கும்பிட்டுக்கொள்கிறேன், அது போதும் என்றார். மன்னிப்பு என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. வரும் என்று நானும் நிற்கவில்லை.

வந்த சனிக்கிழமை, ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். பாஸ்வேர்டு அடித்துக் கையை எடுப்பதற்குள் திறந்துகொண்டது. அப்புறம் ராகு காலத்திலேயே நாலு பண்ணைக்குச் சீட்டு அடித்து வைத்தேன். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. மயில் வேஷப் படத்தைத் திரும்பத் திரையில் வைத்தேன். மேனேஜர் பார்த்துவிட்டுச் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டார். பழைய நான்கு மாதமும் அந்த மிஷினுக்குள் சிவப்பாகத்தான் இருக்கிறது. அதை யாரும் அழிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் காலை ஏழேகாலுக்கு சிஸ்டம்காரன் போன் செய்தான். காலையில் அவனே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“எல்லாம் சரியாயிருச்சுங்களா மேடம்? சரியாயிருச்சுன்னா முடிஞ்சதுன்னு எழுதிக்கறேன்.”

நான் சமையல்கட்டில் நின்றிருந்தேன். மகள் இட்லி சாப்பிட்டு முடித்து, நான் நீட்டிய டம்ளரை வாங்கி உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். நாம் இப்போது ஏழு ஐம்பது பஸ்ஸில்தான் போகிறோம், நாம் போகும்போதே கேட் திறந்துவிடும், குடி சாமி என்று தினமும்தான் சொல்கிறேன். போதும்மா என்கிறாள்.

“கம்ப்யூட்டர் சரியாயிருச்சுப்பா” என்றேன்.

டம்ளர் நிறையத் தண்ணீர் அப்படியே என் கையில் இருந்தது.